தலைவலி வருவதற்கு முன்னால்

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு முதுகுத்தண்டு நீர், அதனுடன் ஒரு சொட்டு இந்தியா இங்க். நுண்ணோக்கியில் பார்த்தால் கறுத்த பரப்பில் அங்கங்கே வட்ட வட்டமாக வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு பூஞ்சைச் செல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள கெட்டியான சர்க்கரை உறைக்குள் மை புக முடியாததால்தான் அந்த வெளிச்சம். 1990களில் நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கக் கையில் இருந்த எளிய வழி இது. வட்டங்கள் தெரிந்துவிட்டால் மருத்துவர் இரண்டு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. மூளையைச் சுற்றிய உறையில் பூஞ்சை இருக்கிறது என்பது ஒன்று. எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதையே இந்த வரிசையில்தான் பலர் தெரிந்துகொண்டார்கள். முதலில் வாரக்கணக்கில் தலைவலி, பிறகு வாந்தி, பார்வை மங்கல், முதுகில் ஊசி, அதற்குப் பிறகு அந்தச் செய்தி.

இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்து தாக்குவதில்லை. புறா எச்சத்திலும், மரப் பொந்துகளின் மக்கிய தூளிலும், மண்ணிலும் இருக்கிறது. நாம் எல்லோரும் எப்போதோ மூச்சோடு உள்ளே இழுத்திருப்போம். நுரையீரலில் ஒரு மூலையில் அதை உடல் அடக்கி வைத்துவிடும். நம் உடம்பின் வெப்பமே பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒத்துவராது. அதைத் தாங்கும் சில வகைகளை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. அந்த வேலையை ஏவுகிற சிடி4 அணுக்களைத்தான் எச்.ஐ.வி. தின்று தீர்க்கிறது. கன மில்லிமீட்டருக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை நூறுக்குக் கீழே போகும்போது, அடங்கியிருந்தது எழுந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாமல், எதிர்ப்பு சக்தி குறைந்தவரை மட்டும் பிடிக்கும் இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்கிறார்கள்.

எய்ட்ஸ் உலகுக்கு அறிமுகமானதே ஒரு பூஞ்சை வழியாகத்தான். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தன் வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்திருப்பதாகச் சொன்னது. அதுவரை புற்றுநோய்க் குழந்தைகளுக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும், ஊட்டமில்லாமல் வளர்ந்த கைக்குழந்தைகளுக்கும் வந்த நோய் அது. திடகாத்திரமான இளைஞர்களுக்கு வர வேண்டிய காரணமே இல்லை. சுவையான விஷயம், அன்றைக்கு அதைப் பூஞ்சை என்றே யாரும் எண்ணவில்லை. ஒருவகை ஒட்டுண்ணி என்று நினைத்தார்கள். 1988இல் மரபணு ஆய்வுதான் அதைப் பூஞ்சைக் குடும்பத்தில் சேர்த்தது. ஆனால் மருந்துக்கு இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை. நம் ஊரில் செப்ட்ரான் என்று எல்லோருக்கும் தெரிந்த, மலிவான மாத்திரையைத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் இந்த நிமோனியாவைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பது 1977இலேயே அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நிரூபணமாகியிருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் அமெரிக்காவிலேயே 1989இல்தான் வந்தது. தெரிந்த தடுப்பு மருந்துக்கும் அது தேவைப்பட்டவருக்கும் நடுவே 1981இலிருந்து எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த நோய்களின் கதை முழுவதிலும் பூஞ்சையைவிடத் தாமதமே அதிகம் பேரைக் கொன்றது என்பது என் துணிபு. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே எது மாறியிருக்கிறது என்று பார்க்க, அந்தத் தாமதம் எங்கே குறைந்தது, எங்கே வேறு இடத்துக்குப் போயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் ஆறில் கிருமி இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் நோயாளிகள் எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தபோது அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடங்களில் முக்கியமானது தாம்பரம் சானடோரியம். சவுரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, ஒதுக்கப்பட்டவர்களுக்கென்றே கட்டப்பட்ட இடத்துக்கு இரண்டாம் முறையாக ஒதுக்கப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய்தான். அதற்குப் பின்னால் பூஞ்சைகள் வரிசை கட்டின. நாக்கில் தயிர் படிந்தது போன்ற வெள்ளைப் படலம், விழுங்க முடியாத தொண்டை, மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல்.

அன்றைய சிகிச்சையைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய மாற்றத்தின் அளவு புரியும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்குக் கையில் இருந்த மருந்து ஆம்போடெரிசின். 1950களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்று தந்த மருந்து. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. ஆம்போடெரிசின் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வைக் கெடுத்துவிடும். ஆனால் நம் செல்களில் இருக்கும் கொலஸ்ட்ரால் அந்த எர்கோஸ்டெராலுக்குப் பங்காளி. பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர். பூஞ்சையோ உயிரியல் மரத்தில் நமக்குப் பக்கத்துக் கிளை. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் கொல்லும். பாக்டீரியாவுக்கு எத்தனையோ குடும்ப மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு விரல்விட்டு எண்ணும்படி மூன்று நான்கு குடும்பங்களே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த மருந்து குளுக்கோஸ் டிரிப்ஸில் மட்டுமே கலக்கும். உப்பு நீரில் கலந்தால் திரிந்துபோகும். நான்கு முதல் ஆறு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம் வரும். அதற்கு முன்னதாகவே பாராசிட்டமாலும் அவில் ஊசியும் போட்டு வைப்பார்கள். மறுநாள் காலை ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் தாங்குகிறதா, பொட்டாசியம் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்காத இடத்தில் நோயாளி பூஞ்சையால் சாகாமல் மருந்தால் செத்துப்போவதும் உண்டு. இப்படிப் பதினான்கு நாள். இதனோடு ஃப்ளூசைட்டோசின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைப்பவர்கள் கூடுவார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்திருந்தது. 1957இல் புற்றுநோய்க்கென்று உருவாக்கி, பூஞ்சைக்குப் பயன்பட்ட பழைய மருந்து அது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் நெடுங்காலம் அது கிடைக்கவே இல்லை. வாங்குபவர்கள் ஏழைகள் என்பதால் தயாரிக்க ஆள் இல்லை. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் ஆறவில்லை.

மருந்தைப் போலவே முக்கியமான இன்னொன்று முதுகிலிருந்து நீர் எடுப்பது. இந்தப் பூஞ்சை மூளைநீர் வடியும் வழிகளை அடைத்துவிடுகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறி, கண் நரம்பும் காது நரம்பும் கெட்டு, கடைசியில் உயிர் போகும். தினமும் இருபது, முப்பது மில்லி நீரை வடித்துவிட்டால் அழுத்தம் இறங்கும். தலைவலி அந்த இடத்திலேயே குறைவதை நோயாளியே உணர்வார். ஆனால், “முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடும்” என்ற பயம் அன்றைக்கு வார்டு முழுக்க இருந்தது. கையெழுத்துப் போட மறுத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அழைத்துப் போனவர்களும் உண்டு.

இத்தனையும் தாண்டிப் பிழைத்தவருக்கு அன்றைய மருத்துவத்தால் எதிர்ப்பு சக்தியைத் திருப்பித்தர முடியவில்லை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 1996இலேயே வந்துவிட்டது. நம் நோயாளிக்கு அதன் விலை எட்டவில்லை. அதனால் பூஞ்சை திரும்பி வராமல் இருக்க ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தினமும் போட வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இந்தியாவுக்குக் கொடுப்பினை இருந்தது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. அதனால் ஃப்ளூகோனசோல் இங்கே மலிவாகக் கிடைத்தது. அதே மாத்திரைக்குத் தென்னாப்பிரிக்காவில் அப்போது பல மடங்கு விலை. தொண்டை முழுக்கக் கேண்டிடா பூஞ்சை பிடித்த கிறிஸ்டோபர் மொராக்கா என்ற செயல்பாட்டாளர் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லிவிட்டு 2000இல் இறந்துபோனார். அதே ஆண்டு அந்நாட்டின் இன்னொரு செயல்பாட்டாளரான ஸாக்கி அக்மத், தாய்லாந்திலிருந்து மலிவு ஃப்ளூகோனசோலை வெளிப்படையாகச் சட்டத்தை மீறிக் கொண்டுவந்தார். அந்தப் போராட்டத்துக்கு மொராக்காவின் பெயரையே வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2001இல், மும்பையின் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் இருந்தது.

பூஞ்சைகளைப் பின்வாங்க வைத்தது பூஞ்சை மருந்து அல்ல, இந்த மருந்துதான். சிடி4 ஏறியவரிடம் நாக்கின் வெள்ளைப் படலம் தானாக மறைந்தது. செப்ட்ரானையும் ஃப்ளூகோனசோலையும் நிறுத்த முடிந்தது. 2009இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே ஆண்டுக்குச் சுமார் 9.57 லட்சம் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல்களும் 6.24 லட்சம் சாவுகளும் நேர்வதாகச் சொன்னது. 2020ஆம் ஆண்டுக்கான கணிப்பு 1.52 லட்சம் நோயாளிகள், 1.12 லட்சம் சாவுகள் என்கிறது. கணக்கிடும் முறையும் இடையில் மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் இறக்கம் உண்மையானது. அதே கணக்கை இன்னொரு விதமாகப் படித்துப் பாருங்கள். நோய் வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் 2020இலும் இறந்தார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்த அளவுக்கு, நோய் வந்த ஒருவர் பிழைக்கும் வாய்ப்பு கூடவில்லை.

கூடியிருக்க முடியும். அதற்கான கருவிகள் வந்துவிட்டன. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டைச் சோதனை ஒன்று, பூஞ்சையின் சர்க்கரை உறை ரத்தத்தில் உதிர்ந்திருப்பதைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடும். ஒரு சொட்டு ரத்தம் போதும். நுண்ணோக்கி, இங்க், குளிர்பெட்டி எதுவும் வேண்டாம். அந்த உறை ரத்தத்தில் தெரியத் தொடங்குவது தலைவலி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே என்பது உகாண்டாவில் நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த வாரங்கள்தான் இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய அவகாசம். அந்த நேரத்தில் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தொடங்கினாலே பலருக்கு மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்கலாம். சிடி4 நூறுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இருநூறுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் செய்யலாம் என்றது.

சிகிச்சையும் மாறிவிட்டது. ஆம்போடெரிசினைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் பொதிந்து தயாரிக்கும் லிப்போசோமல் வகை சிறுநீரகத்தைக் குறைவாகவே வதைக்கும். போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எடையில் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை அந்த மருந்தை ஏற்றி, கூடவே ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் இரண்டு வாரம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம், ஒரு வாரம் தினமும் பழைய ஆம்போடெரிசின் ஏற்றிக்கொண்டவர்களிடம் 28.7 சதவீதம். பதினான்கு நாள் நடுக்கத்தின் இடத்தில் ஒரே ஒரு நாள் டிரிப்ஸ். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் சிகிச்சையாக ஏற்றது. ஒரு நோயின் சிகிச்சை முறையை ஆப்பிரிக்க மருத்துவமனைகள் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த அபூர்வமான தருணம் இது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே பூஞ்சை வார்டில் படுத்திருப்பவர்கள் மாறிவிட்டார்கள். அன்றைக்கு எச்.ஐ.வி. என்றால், இன்றைக்குச் சர்க்கரை நோயாளி, சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர், மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டில் இருப்பவர், ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடப்பவர். இவர்களின் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதில் கிருமிக்குப் பங்கு குறைவு. சிகிச்சையே குறைக்கிறது, அல்லது கட்டுப்படாத சர்க்கரை குறைக்கிறது. மருத்துவம் முன்னேற முன்னேறப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் உடல்களும் கூடுகின்றன.

2021 கோடையில் கருப்புப் பூஞ்சை என்ற பெயர் வீட்டுக்கு வீடு போயிற்று. அந்தப் பெயரால் சொல்லப்பட்ட மியூகார் பூஞ்சைகள் ரொட்டியிலும் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. ரத்தத்தில் சர்க்கரை எகிறி, உடல் அமிலத்தன்மை அடைந்து, இரும்புச்சத்து கட்டவிழும்போது அவற்றுக்கு விருந்து. கொரோனாவுக்காக அளவில்லாமல் எடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை மேலும் ஏற்றியது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே அது கிடைத்தது. மூக்கில் தொடங்கி, கன்னம் மரத்து, கண் வீங்கி, மூளைக்குப் போகும் நோய். ரத்தக் குழாய்களை அடைத்துத் திசுவைச் சாகடிப்பதால் மருந்து மட்டும் போதாது. கருகிய இடத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வெட்டியெடுக்க வேண்டும். தாடை எலும்பையும் கண்ணையும் இழந்து உயிர் தப்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலைக்குள் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்ததாகவும் 4,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அப்போதும் தாமதம்தான் ஆளைக் கொன்றது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு முந்நூறு மில்லிகிராம், அதாவது ஆறு குப்பி லிப்போசோமல் ஆம்போடெரிசின் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான ரூபாய். நாடு முழுக்கக் கையிருப்பு தீர்ந்து, மாநிலங்களுக்கு மத்திய அரசு பங்கிட்டுக் கொடுத்தது. குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் மன்றாடின. கொரோனா வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே சண்டிகர் பி.ஜி.ஐ.யின் அருணாலோக் சக்ரவர்த்தியும் அவர் குழுவும் இந்தியாவில் மியூகார் நோய் கூடிவருவதையும் சர்க்கரை நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது. படித்தவர்கள் குறைவு.

கேண்டிடா ஆரிஸ் வேறு மாதிரி. 2009இல் ஜப்பானில் ஒரு பெண்மணியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சில ஆண்டுகளிலேயே பல கண்டங்களின் ஐ.சி.யூ.க்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டியது. கட்டில் கம்பியில், டிராலியில், தோலில் ஒட்டிக்கொண்டு கைக்குக் கை பரவும். ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் மசியாது. டெல்லியின் அனுராதா சௌத்ரியும் அவர் குழுவும் 2021இல் அந்தமான் கடலோரச் சதுப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே, இயற்கையில் அதைக் கண்டது அதுவே முதல் முறை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்கோ மருந்தை எதிர்க்கும் பயிற்சி வயல்வெளியிலேயே கிடைத்துவிடுகிறது. பயிரில் அடிக்கும் அசோல் மருந்தும் நோயாளிக்குக் கொடுக்கும் அசோல் மருந்தும் ஒரே குடும்பம். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல் முறையாக 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டபோது, மிக ஆபத்தான நான்கில் கிரிப்டோகாக்கஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் மூன்றும் இருந்தன. நான்காவது, அந்த நாக்கின் வெள்ளைப் படலத்துக்குக் காரணமான கேண்டிடா அல்பிகன்ஸ்.

எச்.ஐ.வி. வார்டுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே வேலை முடியவில்லை. 2017 முதல் இந்தியாவில் சிடி4 எத்தனை என்று பார்க்காமல், கிருமி உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குகிறார்கள். நல்ல முடிவு. அதன் பக்கவிளைவாக, மருந்து தொடங்க சிடி4 கணக்குத் தேவையில்லை என்றானபோது, அந்தப் பரிசோதனையின் முக்கியத்துவமே உலகின் பல இடங்களில் குறைந்துபோனது. சிடி4 எண்பதில் இருப்பவரும் எண்ணூறில் இருப்பவரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கலாம். யாருக்குப் பட்டைச் சோதனை செய்ய வேண்டும் என்று அந்த எண்தான் சொல்ல வேண்டும். இன்னொரு மாற்றம், அன்றைக்கு முற்றிய நோயோடு வந்தவர்கள் நோயைப் பற்றித் தெரியாதவர்கள். இன்றைக்கு வருபவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே மருந்து எடுத்து, நடுவில் விட்டவர்கள். வேலை தேடி வேறு மாநிலம் போனவர், குடியில் விழுந்தவர், கணவன் இறந்ததும் மாமியார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இவர்கள் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் திரும்பி வருகிற நாளிலேயே சிடி4-ம் பட்டைச் சோதனையும் நடந்துவிட வேண்டும். இவர்களை அடுத்த வாரம் வரச் சொல்வதில் பழைய தாமதம் மறுபடி தொடங்குகிறது.

சோதனையில் பூஞ்சை இருப்பது தெரிந்தால், தலைவலி இல்லாவிட்டாலும் முதுகிலிருந்து நீர் எடுத்து மூளைக்கு எட்டிவிட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. எட்டியிருந்தால் முழுச் சிகிச்சை. கூட்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிப்போட வேண்டும். அவசரப்பட்டுத் தொடங்கினால் திடீரென்று விழித்துக்கொள்ளும் எதிர்ப்பு சக்தி மூளைக்குள் வீக்கத்தைக் கிளப்பி உயிரைப் பறிக்கும் என்பது 2014இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. எட்டவில்லை என்றால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். இத்தனை தெளிவாக இருக்கிறது வழி. ஆனால் உடம்பில் ஒரு வலியும் இல்லாதவரிடம், “முதுகுல ஊசி போட்டுப் பார்க்கணும்ண்ணே” என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். கால் விளங்காமல் போகும் என்ற பழைய பயம் இன்னும் இருக்கிறது. மையத்தில் உள்ள ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து, ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடமே இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்பதைத் தன் முதுகைத் தொட்டுக் காட்டி விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். வெளியே டோக்கனோடு வரிசை காத்திருக்கும் மையத்தில் அந்த அரை மணியை யார் தருவது என்பதுதான் இப்போது மீதியிருக்கும் கேள்வி.